பாவமும் பேரீச்சம்பழமும்

பாவத்தைப் பற்றி எழுத எல்லோருக்கும் யோக்கியதை உண்டு. ஆனால் விக்டோரியா ராணி காலத்துப் பக்திக் கவிகள் பாவத்தை எப்படிப் பாடினார்கள் என்று எழுத, காலேஜில் இரண்டு வருஷம் மட்டும் இருந்துவிட்டுப் பட்டம் வாங்காமல் ஊர் திரும்பிய ஒருவனுக்கு என்ன யோக்கியதை என்று வாசகர்கள் கேட்கலாம். என்னிடம் பதில் இல்லை. அந்தக் காலத்துக் கவிதைகளில் நான் ஊன்றிப் படித்தது ஒன்றே ஒன்றுதான். அதையும் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு மழைக்காலம் முழுவதும் எழுத்துக் கூட்டிப் படித்தேன். படித்து முடித்தபோது எனக்கு உண்டானது இலக்கிய ரசனை அல்ல, பயம். எங்கள் வீட்டில் நடந்த திருட்டு ஒன்றை, நான் பிறப்பதற்கு நூறு வருஷங்களுக்கு முன்பே ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி எழுதி வைத்துவிட்டாள் போலிருந்தது.

புஸ்தகம் சேலத்தில் ஒரு பழைய புஸ்தகக் கடையில் கிடைத்தது. அட்டை கிடையாது. ஐந்து ரூபாய் கொடுத்தேன். அதில்தான் கிறிஸ்டினா ரோஸெட்டி 1862-ல் வெளியிட்ட 'காப்ளின் மார்க்கெட்' இருந்தது. காப்ளின் என்றால் நம் ஊர்க் குட்டிச்சாத்தான் என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்றுக்குப் பூனை முகம், ஒன்றுக்கு வால், ஒன்று எலியைப் போல் ஓடும். இந்தக் குட்டிச்சாத்தான்கள் பொழுது சாய்கிற வேளையில் ஓடைக் கரையில் வந்து பழம் கூவி விற்கின்றன. இன்ன பழம் என்றில்லை. எந்தப் பருவத்துப் பழமும் அந்தக் கூடைகளில் ஒன்றாகக் கிடைக்கும். அதிலேயே நமக்குச் சந்தேகம் தட்ட வேண்டும்.

லாரா, லிஸி என்று இரண்டு சகோதரிகள். லாரா நின்று பார்க்கிறாள். கையில் காசில்லை. 'காசு எதற்கு, உன் தங்க முடியில் ஒரு சுருள் போதும்' என்கிறார்கள் வியாபாரிகள். கத்தரித்துக் கொடுத்துவிட்டுப் பழத்தைச் சாறு சொட்டச் சொட்டச் சாப்பிடுகிறாள். மறுநாள் அதே வேளைக்குப் போகிறாள். தங்கைக்குக் கூவல் கேட்கிறது, இவளுக்குக் கேட்கவில்லை! ஒரு தரம் ருசி பார்த்தவளுக்கு அந்தச் சந்தை மறுபடியும் திறப்பதில்லை. ஆசை மட்டும் நின்றுவிடுகிறது. முடி நரைக்கிறது, உடம்பு இளைக்கிறது. இதேபோல் முன்பு தின்று செத்த ஜீனி என்ற பெண் ஒருத்தியின் சமாதியில் புல்கூட முளைக்கவில்லை என்று லிஸிக்குத் தெரியும். அவள் ஒரு வெள்ளிக்காசை எடுத்துக்கொண்டு அக்காளுக்காகப் பழம் வாங்கப் போகிறாள். 'இங்கேயே உட்கார்ந்து சாப்பிடு' என்கிறார்கள். மாட்டேன் என்கிறாள். அடிக்கிறார்கள், கிள்ளுகிறார்கள், பழத்தை வாயில் வைத்துத் தேய்க்கிறார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். கடைசியில் காசைத் திருப்பி எறிந்துவிட்டு மறைந்துபோகிறார்கள். முகமெல்லாம் பழச்சாறு வழிய வீட்டுக்கு ஓடிவருகிறாள். அந்தச் சாறுதான் லாராவுக்கு மருந்தாகிறது. முதல் நாள் தேனாக இருந்தது இப்போது எட்டியாய்க் கசக்கிறது. அந்தக் கசப்பில் பிழைத்துக்கொள்கிறாள்.

முடியைக் கொடுத்துப் பழம் வாங்கின இடத்தில்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணம், பேரீச்சம்பழக்காரர்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம். வாசலில் நின்று மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை நீளமாகப் படுத்திருக்கும். கோமுகி அணையில் தண்ணீர் திறந்தால் எங்கள் கரும்புக்கு உயிர் வரும். அப்போது தென்னாற்காடு ஜில்லா. பிறகு விழுப்புரம் ஆயிற்று. 2019 முதல் கள்ளக்குறிச்சியே ஜில்லா. மாதத்துக்கு ஒரு தரம் ஒருவர் சைக்கிளில் வருவார். பின்னால் கூடை, கூடைக்குள் ஓலைப்பாயில் அப்பிக் கிடக்கும் கறுப்புப் பழக்கட்டி. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் என்று ராகம் போட்டுக் கூவுவார். காசு வேண்டாம் என்பதுதான் அந்த வியாபாரத்தின் விசேஷம். குழந்தைகளிடம் காசு இருக்காது. ஆனால் வீட்டில் ஏதாவது சாமான் இருக்கும்.

எனக்கு வயது பத்து. வீட்டில் இரும்பு ஒன்றும் மிச்சமில்லை. உடைந்த கொழுவை முந்தின மாதமே போட்டாயிற்று. ஆயாவின் பித்தளைச் செம்பு ஒன்று இருந்தது. கழுத்தில் ஆயாவின் பெயரை வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு அவள் பிறந்த வீட்டில் கொடுத்தது. அதைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் போனேன். பழக்காரர் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. செம்பைத் தரையில் வைத்துக் காலால் ஓங்கி மிதித்தார். பெயர் உள்ளே மடங்கிப் போயிற்று. தராசைத் தொடாமல் ஒரு கை பழத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

கரும்புக் கொல்லைக்குள் உட்கார்ந்து தின்றேன். எண்ணித் தின்றேன். கொட்டைகளைக் குழி தோண்டிப் புதைத்தேன்.

அன்று சாயங்காலம் ஆயா தண்ணீர் மொள்ளச் செம்பைத் தேடினாள். அந்த வேளைக்குத்தான் என் சின்ன மாமா வீட்டுக்கு வந்தார். மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகையில் பாகு பதம் பார்க்கிற வேலை அவருக்கு. கொப்பரையில் பொங்கும் பாகைத் துடுப்பில் எடுத்து, தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து 'இறக்கு' என்பார். ஒரு நிமிஷம் பிசகாது. பகலில் அப்படிப்பட்ட மனிதர், பொழுது போனால் குடிப்பார். அவர் இறக்கிய வெல்லத்தில் ஒரு பங்கு மலைக்குப் போகும். வேலம்பட்டையோடு ஊறல் போட்டு, காய்ச்சி, லாரி டியூப்பில் நிரப்பி, ராத்திரியோடு ராத்திரியாகக் கீழே இறக்குவார்கள். மாமா தன் வெல்லத்தைத் தானே திரும்ப வாங்கிக் குடித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

"ஏண்டா, எங்கம்மா வீட்டுச் செம்பையும் வித்துக் குடிச்சிட்டியாடா?" என்று ஆயா கேட்டாள்.

மாமா அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். என் சட்டையில் பழப்பிசுக்கு ஒட்டி, அதில் எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. எனக்குத் தெரியாது, அவருக்குத் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார். மூன்று நாள் அவருக்குச் சோறு திண்ணைக்கு வந்தது. அதற்குப் பிறகு தெருவில் எந்த வீட்டில் எது காணாமற்போனாலும் முதலில் அவரைத்தான் கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. கவிதையில் வரும் லிஸியும் வாய் திறக்கவில்லை. அவள் திறக்காதது வேறு காரணத்துக்காக.

பண்டிதர்கள் இந்தக் கவிதைக்குச் சொல்லும் பொருள் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. பழம் ஏவாள் தின்ற கனி. லிஸி பிறர் பாவத்தைத் தன் உடம்பில் ஏற்ற கிறிஸ்து. ஆனால் கவிதைக்கு உட்பொருள் ஒன்றும் கிடையாது என்று ரோஸெட்டி அம்மாள் சொன்னதாக அவளுடைய அண்ணன் எழுதியிருக்கிறார். எழுத்தாளர்கள் அப்படித்தான் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அவளுடைய வாழ்க்கையைப் பார்த்தால் நம்பச் சிரமமாக இருக்கிறது. மதம் ஒத்துவரவில்லை என்று கல்யாணத்தை விட்டவள். சதுரங்கத்தில் ஜெயிக்கும் ஆசை அதிகமாகிறது என்று சதுரங்கத்தையே விட்டவள். லண்டனில் ஹைகேட் என்ற பேட்டையில், 'கெட்டுப்போன பெண்கள்' என்று ஊர் ஒதுக்கியவர்களுக்காக இருந்த ஒரு கிறிஸ்தவ இல்லத்தில் அவள் தொண்டு செய்தாள். அங்கே இருந்த பெண்களின் முகங்கள் அவள் கண்ணில் இருந்திருக்க வேண்டும். கெட்டவளைப் பற்றி உபதேசம் பண்ணாமல், விற்கிறவனுடைய மூஞ்சியை வர்ணித்தாளே, அது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. அந்தக் காலத்துப் பக்திக் கவிகளில் பெரும்பாலோர் பாவியின் நெஞ்சுக்குள்தான் விளக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். இவள் விளக்கைச் சந்தைக்குக் கொண்டுபோனாள்.

பிரான்ஸிஸ் தாம்ஸன் என்று இன்னொருவர். அபினிக்கு அடிமையாகி லண்டன் தெருக்களில் படுத்துக் கிடந்தவர். ஓடி ஒளியும் பாவியைக் கடவுள் வேட்டைநாய் போல விடாமல் துரத்துவதாக அவர் பாடிய பாட்டு 1890-ல் வெளிவந்தது. அபாரமான பாட்டு என்கிறார்கள். அபினி விற்றவனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அதே காலத்தில் பீஹாரில் சர்க்காரே அபினி விளைவிக்கச் செய்து சீனாவுக்கு ஏற்றியது. சென்னை ராஜதானியில் 1886-ல் அப்காரிச் சட்டம் வந்தது. சாராயக் கடைகள் ஏலம் போயின. ராணியின் ராஜ்யத்தில் பாவத்தைக் கண்டித்துக் கீர்த்தனை பாடிய ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, ஏலம் விட்ட திங்கட்கிழமையும் உண்டு.

நம்முடைய தமிழிலும் விக்டோரியா காலத்துப் பக்திக் காவியம் ஒன்று இருக்கிறது. அதை மறந்துவிட்டு இங்கிலீஷைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ண பிள்ளை 1827-ல் பிறந்து 1900-ல் காலமானார். அதாவது ராணி பட்டத்துக்கு வரும் முன்னே வந்து, அவள் போவதற்கு ஒரு வருஷம் முன்னே போனார். வைஷ்ணவ வேளாளக் குடும்பம். 1858-ல் ஞானஸ்நானம் பெற்றார். பனியனின் மோட்ச யாத்திரைக் கதையை எடுத்துக் கம்பனின் நடையில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களாகப் பாடினார். 'இரட்சணிய யாத்திரிகம்' 1894-ல் புஸ்தகமாயிற்று. ரோஸெட்டி அம்மாள் இறந்ததும் அந்த வருஷந்தான். பனியனின் கதையில் ஒரு சந்தை வருகிறதே, அங்கே விற்காத பொருள் கிடையாது. யாத்திரிகர்கள் இருவர் அதில் நுழைந்து ஒன்றும் வாங்க மாட்டோம் என்கிறார்கள். வாங்காத குற்றத்துக்காக அவர்களைப் பிடித்துக் கூண்டில் அடைக்கிறார்கள். ஒருவனை எரித்தே விடுகிறார்கள். வாங்கினால் பாவம், வாங்காவிட்டால் தண்டனை. பனியன் தகரப் பாத்திரம் ஒக்கிடும் தொழிலாளி, ஜெயிலில் கிடந்தவன். சந்தையின் சட்டம் அவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

வள்ளுவர் செய்திருப்பதையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். கள்ளுண்ணாமை தொண்ணூற்று மூன்றாவது அதிகாரம். அது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. அடுத்தது சூது, அதற்கடுத்தது மருந்து. திருடாமையைச் சொல்லும் கள்ளாமையோ அறத்துப்பாலில் இருக்கிறது. குடியை ஏன் ராஜாங்க விஷயங்களோடு வைத்தார் என்பதற்கு உரைகாரர்கள் சமாதானம் வைத்திருப்பார்கள். எனக்குத் தோன்றியது இதுதான்: அந்தக் கணக்குப்படி என் மாமாவின் குற்றம் பொருட்பால், என் குற்றம் அறத்துப்பால்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியின் பெயர் உலகப் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. ஊருக்கு அந்தப் பெருமை வராமலே இருந்திருக்கலாம். 18-ஆம் தேதி கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் மறுநாள் காலையிலிருந்து விழ ஆரம்பித்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், கூலி வேலைக்காரர்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று ஆஸ்பத்திரிகள் நிரம்பின. 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிழைத்த சிலருக்குப் பார்வை போயிற்று. ஒரே தெருவில் வரிசையாகப் பந்தல் போட்டிருந்ததை நான் பார்த்தேன். அதைப் பற்றி விஸ்தரிக்க எனக்கு மனசில்லை.

சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால். பார்க்கவும் குடிக்கவும் சாராயத்துக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஈரல் அதை உடைக்கும்போது பார்மிக் அமிலம் உண்டாகிறது. அது கண் நரம்பைத் தீய்க்கிறது, ரத்தத்தைப் புளிக்கவைக்கிறது. இதற்கு மாற்று மருந்துகளில் ஒன்று என்ன தெரியுமா? சுத்தமான சாராயச் சத்து, எத்தனால்தான். ஈரல் அதை முதலில் பிடித்துக்கொள்வதால் விஷம் உடைபடாமல் மெள்ள வெளியேற அவகாசம் கிடைக்கிறதாம். இதை ஒரு டாக்டர் விளக்கியபோது நான் மலைத்துப்போனேன். லிஸி முகத்தில் வழிந்த சாறு! நான் ஒரு கதையில் இப்படி எழுதியிருந்தால் பத்திரிகாசிரியர் 'நம்பும்படி இல்லை' என்று அடித்திருப்பார்.

உடனே எல்லோரும் மலையைக் கை காட்டினார்கள். போலீஸார் கல்வராயன் மலைக்குப் போய் ஊறல்களைக் கொட்டினார்கள். மலையில் ஊறல் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மெத்தனால் மலையில் காய்ப்பதில்லை. ஆலைகளுக்கான ரசாயனம், கீழேயிருந்து வருவது. மலை மேல் இருக்கிறவர்களுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்து மலையாளிகள் அல்ல, காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியதாகத் தங்களைச் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள். சாமையும் தினையும் மரவள்ளியும் பயிரிட்டு, கடுக்காய் பொறுக்கி ஜீவனம் பண்ணினவர்கள். 1937 அக்டோபரில் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது இந்த மலை எட்டிப்பார்க்கும் சேலம் ஜில்லாவில்தான். சர்க்கார் கள்ளுக்கடையை மூடுவதும் திறப்பதும் மறுபடி மூடுவதுமாக இருந்தது. 2003-லிருந்து கடையைத் தானே நடத்துகிறது. தேசத்துக்குச் சுதந்திரம் வந்து ஏறக்குறைய முப்பது வருஷம் வரையில் மலை மேல் ஜாகிர்தார்கள் ராஜ்யம். ஜனங்கள் அவர்களுக்குக் கூலியில்லாமல் உழைத்தார்கள். 1976-ல்தான் அது ஒழிந்தது. சாராய மரணத்துக்குப் பிறகு, அந்த மலைவாசிகள் எப்படி வாழ்கிறார்கள் என்று சென்னை ஹைகோர்ட் தானாகவே ஒரு வழக்கை எடுத்து விசாரித்தது. அத்தனை பேர் சாகவேண்டியிருந்தது அந்தக் கேள்வி கேட்கப்படுவதற்கு.

சாவு விழுந்த வாரத்தில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். குடும்பத்துக்குப் பத்து லட்சம் என்று சர்க்கார் அறிவித்திருந்தது. "குடிச்சிட்டுச் செத்தவனுக்குப் பத்து லட்சமா?" என்றார் ஒருவர். வெள்ளை வேட்டி, கௌரவமான மனிதர். நாலு பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நானும் ஆட்டியிருப்பேன். எதிர்த்துப் பேச என் வாயில் வார்த்தை வரவில்லை. பத்து வயதில் வராத வார்த்தை நாற்பது வயதுக்கு மேல் வந்துவிடுமா? டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

மாமா 2007-ல் காலமானார். ஈரல் கெட்டுத்தான். அதற்கு முந்தின வருஷம் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தார். நான் துணைக்கு இருந்தேன். ஆயா போய்ச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கடைசி வரையில் அவள் எவர்சில்வர் செம்பில் தண்ணீர் குடித்தாள். குடிக்கும்போதெல்லாம் பித்தளையின் குளிர்ச்சி வராது என்பாள். ஒரு நாள் ராத்திரி, மாமா தூங்கவில்லை என்று தெரிந்து, நான் சொல்லிவிட்டேன். பதினைந்து வருஷத்துச் சமாசாரம் இரண்டு நிமிஷத்தில் முடிந்துபோயிற்று.

"தெரியும்டா மாப்ளே" என்றார்.

"தெரிஞ்சா ஏன் மாமா அன்னிக்குச் சொல்லல?"

"சொன்னா யாரு நம்பறது? நம்பினாலும் உன்னையில்ல தோலை உரிச்சிருப்பாங்க. என் முதுகு பழகின முதுகு."

கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நர்ஸம்மாள் வந்து குளுகோஸ் பாட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"எத்தனை பழம் குடுத்தான்?"

"பதினொண்ணு."

மாமா படுக்கையில் முழங்கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு கோபத்தை, ஆயா அவரைத் திட்டின அன்றைக்குக்கூட நான் பார்த்ததில்லை.

"அவ்ளோ கனத்த செம்புக்குப் பதினொண்ணா? சின்னப் பையன்னு ஏமாத்திட்டான்டா உன்னை" என்றார்.